வலது மூலையில் ஒரு பெயர்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன யாரையாவது நிறுத்தி, மேரியோ பாட்டைப் பாடச் சொல்லுங்கள். இன்றைக்கு வங்கி மேலாளராக இருப்பவரும் பாடுவார், எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவரும் பாடுவார், சுருதி பிசகாமல் பாடுவார்கள். அந்த மெட்டைப் போட்டது யார் என்று கேளுங்கள். முழிப்பார்கள். சினிமாப் பாட்டென்றால் முதல் இரண்டு பார் ஓடுவதற்குள் இது ராஜாவா, ரகுமானா, தேவாவா என்று சண்டைக்கு வருகிற ஊர் இது. ஆனால் தினமும் சாயங்காலம் மணிக்கணக்கில் கேட்ட ஒரு மெட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை.

நான் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறவள். அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கிளாஸ். பிள்ளைகள் கேட்கிற பாட்டுக்கெல்லாம் நோட்ஸ் எழுதித் தருவது என் வேலையில் பாதி. முன்பு எல்லாமே சினிமாப் பாட்டு. இப்போது வருகிறவர்களில் நிறையப் பேர் கேம் மியூசிக் கேட்கிறார்கள். 'மிஸ், அந்த பி.ஜி.எம்.' என்பார்கள். ஐந்து கோட்டில் எழுதும்போது தாளின் தலைப்பகுதியில் வலது மூலை ஒன்று இருக்கிறது. இசையமைத்தவர் பெயர் அங்கேதான் வரவேண்டும். அந்த மூலை எங்கள் பகுதியில் இத்தனை வருஷம் ஏன் காலியாகக் கிடந்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் பகுதி தொழிற்சாலைகளால் ஆனது. டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-இல் தொடங்கியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. நாலு வருஷத்தில் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. பாடியில் லூகாஸ், வீல்ஸ் இந்தியா, அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட். ஷிப்டு, போனஸ், கோ-ஆப்பரேட்டிவ் கடன் இவற்றின் மேல் ஓடிய குடும்பங்கள். தீபாவளி போனஸில் கலர் டிவி வந்தது. அதற்கடுத்த போனஸில் டிவி கேம்.

அந்தப் பெட்டிகளின் பெயர் சாமுராய், லிட்டில் மாஸ்டர், மீடியா என்று பலவாறாக இருக்கும். உள்ளே இருந்தது எல்லாம் ஒன்றுதான்: ஜப்பானில் நின்டெண்டோ 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேமிகாமின் நகல். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கி, லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். வாங்க முடியாதவர்களுக்குத் தெருமுனையில் மணிக்கணக்கு வாடகைக்கு விளையாட விடுகிற கடை. சாம்பல் கலர், மஞ்சள் கலர் கேசட். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கில் கேம் என்று அட்டையில் போட்டிருக்கும். சொருகிப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும். நகலெடுத்தவர்கள் முகப்புத் திரையில் கம்பெனி பெயரும் வருஷமும் இருக்கவேண்டிய இடத்தைப் பல கேசட்டுகளில் துடைத்தே விட்டிருப்பார்கள்.

பழியை நகல்காரர்கள் தலையில் மட்டும் போட முடியாது. 1985-இல் வந்த அசல் சூப்பர் மேரியோ பிரதர்ஸை முழுக்க ஆடி முடித்தாலும் கோஜி கோண்டோ என்ற பெயர் எங்கேயும் வராது. கடைசியில் பெயர்ப் பட்டியலே கிடையாது. காப்காம் கம்பெனியில் வேலை செய்தவர்கள் பட்டப்பெயரில்தான் திரையில் வந்தார்கள். 1987-இல் மெகா மேன் கேமுக்கு இசையமைத்த மனாமி மட்சுமேயின் பெயர், சான்சகோரின் மனாமி என்று ஏதோ செல்லப்பெயர் மாதிரி இருக்கும். கொனாமியில் இசைக்காரர்கள் மொத்தமாக ஒரு கிளப் பெயருக்குள் ஒளிந்துகொண்டார்கள். ஆக, அங்கேயே பாதி மறைந்த பெயர், இங்கே வந்து சேர்வதற்குள் முழுக்கப் போயிருந்தது.

எங்கிருந்தோ வந்த மெட்டைக் காதால் பிடித்து நம் கைக்கு ஏற்ப எழுதிக்கொள்வது சென்னைக்குப் புதிதல்ல. கேம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இங்கே அந்த வேலை நடந்திருக்கிறது. முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் இங்கே இருந்த நாட்களில், கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. அவற்றுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். எல்லாம் சங்கராபரணம், அதாவது வெள்ளைக் கட்டையிலேயே வாசித்துவிடக்கூடிய சி மேஜர் ஸ்கேல். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜாவின் தேசிய கீத மெட்டு. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக்கொண்டதும் அதே சூழலில்தான். அந்தப் பேண்டு மெட்டுகளில் பலவற்றை முதலில் போட்டவர் யாரென்று இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயும் வலது மூலை காலி.

அடுத்த ஆள் எனக்கு இன்னும் நெருக்கமானவர். ஏ.எம். சின்னசாமி முதலியார், மெட்ராஸ் செக்ரடேரியட்டில் உத்தியோகம் பார்த்த கத்தோலிக்கர். கர்நாடக சங்கீதத்தை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி, 1890-களின் தொடக்கத்தில் அச்சிட ஆரம்பித்தார். அடிப்படை ஸ்வரத்தை எழுதுவது சுலபம். அதன் மேல் விழுகிற அசைவை எந்தக் குறியால் காட்டுவது? அதற்குத்தான் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரைத் தேடிப் போனார். பிற்பாடு 1904-இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி' கமகக் குறிகளோடு அச்சில் வந்ததற்குப் பின்னால் முதலியாரின் தூண்டுதல் இருந்தது. செலவு, உடம்பு, கண் எல்லாவற்றையும் இந்த வேலைக்குக் கொடுத்தவர். இன்றைக்குச் சங்கீத வித்வான்களிடம் கேட்டாலே அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்குக் கொஞ்சம் ஆத்திரம்தான்.

பியானோ விஷயத்துக்கு வருகிறேன். மவுண்ட் ரோட்டில் 1842-இல் மிஸ்கித் கம்பெனி என்று தொடங்கிய கடை பிறகு மியூசீ மியூசிக்கல் ஆனது. பியானோ, ஆர்கன், அச்சிட்ட நோட்ஸ் எல்லாம் அங்கேதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ட்ரினிட்டி கிரேடு எக்ஸாம் என்றால் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அதற்கப்பால் மேற்கே, கொரட்டூரும் திருமுல்லைவாயலும் பட்டாபிராமும் பூந்தமல்லியும், பியானோ வைத்திருக்கும் வீடுகளால் ஆனவை அல்ல. சர்ச்சில் ஒரு ஆர்கன் இருக்கும். நோட்ஸ் படிக்கத் தெரிந்தவர்கள் சர்ச் ஆட்கள், பேண்டுக்காரர்கள், பிறகு கோடம்பாக்கத்து ஆட்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் மூன்றாவது வகை. வயலின்காரர். ரெக்கார்டிங் இல்லாத நாட்களில் பார்ட்ஸ் காப்பி எழுதுவார். இசையமைப்பாளரிடமிருந்து முழு ஸ்கோர் வந்ததும், இது முதல் வயலினுக்கு, இது செல்லோவுக்கு, இது ஃப்ளூட்டுக்கு என்று தனித்தனித் தாளில் பிரித்து எழுதி, ஒன்பது மணி கால்ஷீட்டுக்குள் ஒவ்வொருவர் ஸ்டாண்டிலும் வைத்தாகவேண்டும். இளையராஜா தன் ஸ்கோரைத் தானே ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதுகிறவர் என்பது ஊருக்கே தெரியும். மயிலாப்பூரில் அவருக்கும் இன்னும் எத்தனையோ பேருக்கும் சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரின் பெயரை எங்கள் மாஸ்டர் எழுந்து நின்றுதான் சொல்வார். தொண்ணூறுகளில் சீக்வென்ஸர் வந்து ஸ்ட்ரிங்ஸ் செக்ஷனை ஒரே ஆள் கீபோர்டில் வாசிக்க ஆரம்பித்ததும், அவரைப் போன்ற பலருக்குக் கால்ஷீட் குறைந்தது. வாடகை குறைந்த கொரட்டூருக்கு வீடு மாறி, வாரத்தில் ஆறு நாள் கீபோர்டு கிளாஸ் எடுத்தார். இந்தப் பக்கத்தில் நோட்ஸ் எழுதும் பழக்கம் பரவியது அப்படிப்பட்ட ஆட்களால்தான் என்று நான் நினைக்கிறேன். பிழைப்பு போன இடத்திலிருந்து ஒரு வித்தை வந்து சேர்ந்தது.

கேம் பாட்டை அவரிடம் முதலில் கேட்டது எங்கள் செட்டில் இருந்த ஒரு பையன். "என்னது, டிவி பெட்டிச் சத்தத்துக்கு நோட்ஸா?" என்று சிரித்தார். பையன் விடவில்லை. "வீட்டுக்கு வாங்க மாஸ்டர், போட்டுக் காட்டுறேன்." போனார். அந்தச் சாயங்காலம் நானும் கூட இருந்தேன்.

மேரியோ பாட்டை டிவியிலிருந்து காதால் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபேமிகாம் சில்லில் மொத்தம் ஐந்து தடம். இரண்டு கூர்மையான குரல்கள், அடியில் பேஸுக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, பதிவு செய்த சத்தத்துக்கு ஒன்று. குதிக்கிற சத்தமும் காசு எடுக்கிற சத்தமும் அதே தடங்களில்தான் வரவேண்டும். ஆகவே மேரியோ குதித்தால் பாட்டில் ஒரு குரல் அறுந்துபோகும். காசு எடுத்தால் இன்னொன்று. முழுப் பாட்டும் கேட்கவேண்டுமென்றால் மேரியோ அசையாமல் நிற்கவேண்டும். ஆரம்ப இடத்திலேயே நின்றால் எதிரி எதுவும் வராது. ஆனால் கடிகாரம் 400-இலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், அதன் ஒரு எண் நம் கணக்கில் அரை வினாடிகூட இல்லை. 100 வந்ததும் எச்சரிக்கை அடித்து, பாட்டு இரட்டை அவசரத்தில் ஓடும். அதற்குள் பாட்டு ஒரு சுற்றுதான் முழுதாக வரும். பையன் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தான். மேரியோ செத்தான். மறுபடி போட்டான். மாஸ்டர் பழைய கால்ஷீட் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்.

முதல் அடியிலேயே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. பாட்டு சி மேஜர். ஆரம்ப ஏழு ஸ்வரத்தில் ஈ, சி, ஜி மூன்றும்தான் வருகின்றன. அதனால் எல்லோரும், இன்றைக்கு என் கிளாஸ் பிள்ளைகளும், இடது கையில் சி கார்டைப் பிடித்துவிடுவார்கள். கேட்க ஒன்றும் தப்பாகத் தெரியாது, ஆனால் மேரியோ மாதிரி இருக்காது. கோண்டோ அங்கே அடியில் டி வைத்திருக்கிறார், நடுவில் எஃப் ஷார்ப், மேலே ஈ. சங்கராபரணத்தில் இல்லாத ஸ்வரத்தோடு ஆரம்பம்! அந்த உரசல் ஜி-க்குப் போய் இறங்கிய பிறகுதான் பாட்டு சி-க்கு வந்து சேர்கிறது. அந்த எஃப் ஷார்ப்தான் காதைப் பிடித்து இழுக்கிறது. "யார்ரா இவன், ஜாஸ் தெரிஞ்சவனா இருக்கான்" என்றார் மாஸ்டர். யாருக்கும் பதில் தெரியவில்லை. தாளின் வலது மூலையில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார்.

கோஜி கோண்டோ 1961-இல் நகோயாவில் பிறந்தவர். ஐந்து வயதிலிருந்து யமஹா எலெக்டோன் கற்றவர்; அது இரண்டு கட்டை வரிசையும் காலுக்கு ஒரு பேஸ் வரிசையும் கொண்ட வீட்டு ஆர்கன். 1984-இல் நின்டெண்டோவில் சேர்ந்தார். இரண்டு கை, ஒரு கால் என்று சின்ன வயதிலிருந்து யோசித்துப் பழகியவருக்கு, மூன்று குரல் சில்லு ஒன்றும் குறைச்சலாகத் தோன்றியிருக்காது என்பது என் ஊகம். பியானோவில் எழுதும்போது அந்த மூன்று குரலும் அப்படியே உட்கார்ந்துவிடும்: மேல் இரண்டும் வலது கைக்கு, பேஸ் இடது கைக்கு. மிஞ்சுவது இரைச்சல் தடம், அந்த டிக்-டிக் தாளம். அதை விட்டால் பாட்டு படுத்துவிடுகிறது. நான் இடது கை பேஸைக் குட்டையாக, ஸ்டக்காட்டோவாக எழுதி அந்த இடைவெளியை அங்கே கொண்டுவருகிறேன்.

அது பியானோவுக்கான கணக்கு. எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருப்பதோ 61 கட்டை கேசியோ அல்லது யமஹா, பெரும்பாலும் பெடல் இல்லாமல். இப்போது சென்னைக்கு வெளியிலேயே யமஹா தொழிற்சாலையில் கீபோர்டு செய்கிறார்கள், விலை கொஞ்சம் கைக்கு எட்டுகிறது. ஆனாலும் 88 கட்டைக்கும் 61 கட்டைக்கும் நடுவே இரண்டு ஆக்டேவுக்கு மேல் காணாமல் போகிறது. அச்சில் வரும் நோட்ஸை அப்படியே கொடுத்தால் இடது கை காற்றில் தடவும். பேஸை ஒரு ஆக்டேவ் தூக்கினால் வலது கையோடு மோதும், அப்போது நடுக்குரலை வெட்டவேண்டும். "எல்லாத்தையும் எழுதாதம்மா. எது போனா பாட்டு போயிடுமோ, அதை மட்டும் எழுது" என்பார் மாஸ்டர். மேரியோவில் அந்த எஃப் ஷார்ப் போனால் பாட்டு போச்சு. மற்றதில் பாதியை நான் தயங்காமல் வெட்டுவேன்.

இன்னொரு கேம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உயிர்: சர்க்கஸ் சார்லி. சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையத்துக்குள் பாயவேண்டும். கொனாமி 1984-இல் செய்தது. அந்த மெட்டைக் கேட்டதும் மாஸ்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "இது பேண்டு பாட்டுடா. நான் சின்ன வயசுல வாசிச்சிருக்கேன்." 'அமெரிக்கன் பட்ரோல்', எஃப்.டபிள்யூ. மீச்சம் என்ற அமெரிக்கர் 1885-இல் எழுதிய மார்ச். முதலில் அது பியானோவுக்கு எழுதப்பட்டது. பிறகுதான் பேண்டுகள் எடுத்துக்கொண்டன. 1942-இல் கிளென் மில்லரின் ஜாஸ் குழு அதைப் புதிதாக வாசித்துப் பெயர் வாங்கியது. தூரத்திலிருந்து ஒரு பட்டாளம் மெல்ல நெருங்கி, நம்மைக் கடந்து, மறுபடி தேய்ந்து போவதுபோல மீச்சம் எழுதியிருப்பார். கேமில் அந்த நடை போய்விட்டது, முதல் சில வரிகள் மட்டும் ஒரே சத்தத்தில் சுழலும். ஆக பியானோவில் பிறந்து, பேண்டுக்குப் போய், ஜப்பானில் சில்லுக்குள் அடைபட்டு, தைவான், ஹாங்காங் நகலாகி, ஆவடி குவார்ட்டர்ஸ் டிவி வழியாக மறுபடி கீபோர்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பட்டாளமும் துணைப் பட்டாளமும் முகாமிட்டிருக்கிற, ரயிலடிக்கே மிலிட்டரி சைடிங் என்று பெயர் இருக்கிற ஊரில் அந்த மெட்டு வந்து இறங்கியது பொருத்தம்தான். நின்டெண்டோவின் டெட்ரிஸில் ஓடும் ஒரு மெட்டும் இப்படித்தான்: சைகோவ்ஸ்கியின் 1892-ஆம் வருஷத்து 'நட்கிராக்கர்' பாலேயிலிருந்து எடுத்தது. பிள்ளைகள் அதை டெட்ரிஸ் பாட்டு என்றே கிரேடு எக்ஸாமில் சொல்லப்போய், தேர்வாளர் சிரித்ததாகக் கேள்வி.

இங்கே நாங்கள் மேரியோவை நிற்கவைத்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஜப்பானில் இந்த வேலை கடையில் புத்தகமாக விற்றது. டிராகன் குவெஸ்ட் கேமின் இசையை கோயிச்சி சுகியாமா 1987-இலேயே டோக்கியோவில் ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரியாக நடத்திவிட்டார். 1992-இல் ஃபைனல் ஃபேன்டஸி நான்காம் பாகத்தின் பாடல்கள் பியானோ ஆல்பமாகவே வந்தன, நோட்ஸ் புத்தகமும் கூட. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பதிப்பகம் நின்டெண்டோவின் அனுமதியோடு மேரியோ பியானோ புத்தகத்தை வெளியிட 2011 ஆனது. அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி என் கைக்கு வந்தபோது நான் முதலில் பார்த்தது நோட்ஸை அல்ல, வலது மூலையை. கோஜி கோண்டோ என்று அச்சில் இருந்தது. 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அந்த மெட்டைச் சேர்த்தது; கேம் இசையில் அதுதான் முதல். மாஸ்டர் அதற்கு முன்பே போய்விட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நம் 1957 காப்புரிமைச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. அச்சிட்டோ எழுதியோ வைத்தால்தான் அதன்படி ஒரு மெட்டு 'இசைப் படைப்பு'. வாயில் பாடியது, டேப்பில் பதிந்தது எல்லாம் அந்த வரையறைக்குள் வராது. 1994-இல் திருத்தம் வந்த பிறகுதான் எழுதாத இசையும் இசை ஆனது. வாய்வழியாகவே சங்கீதத்தைக் காப்பாற்றி வந்த நாட்டில் இப்படி ஒரு சட்டத்தை எழுதியவர்கள் கச்சேரி பக்கமே போகாதவர்களாக இருந்திருக்கவேண்டும். அதே சட்டம், ஒரு மெட்டை வேறு வாத்தியத்துக்கு மாற்றி எழுதுவதையும், கேட்டு நோட்ஸ் எடுப்பதையும் தழுவல் என்கிறது. அந்த உரிமை இசையமைத்தவருடையது அல்லது அவரிடமிருந்து வாங்கியவருடையது. கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுக்க 52-ஆம் பிரிவில் இடம் விட்டிருக்கிறது. ஆகவே என் தாள்கள் கிளாஸைத் தாண்டிப் போவதில்லை. விலைக்குக் கேட்டு வருகிறவர்களைக் கடைக்கு அனுப்பிவிடுவேன்.

மாஸ்டரின் கால்ஷீட் காகிதங்கள் சில என்னிடம் இருக்கின்றன. சர்க்கஸ் சார்லி தாளில் அவர் கையாலேயே மீச்சம் என்று எழுதியிருக்கிறார். மேரியோ தாளின் கேள்விக்குறியை நான் அழிக்கவில்லை, பக்கத்தில் பெயரை எழுதிவைத்தேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் தாளில் யோகோ ஷிமோமுரா என்று எழுதியபோது எனக்குத் தனி சந்தோஷம். ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோ படித்துவிட்டுக் கேம் கம்பெனிக்குப் போன பெண்.

இப்போது கேட்கிற பிள்ளைகளுக்குக் காதால் எடுக்கும் தொல்லை கிடையாது. நோட்ஸ் எழுதும் மென்பொருள் மியூஸ்கோர் இலவசம், போனிலேயே பாட்டை மெதுவாக ஓட்டலாம், இசையமைத்தவர் பெயரும் முகமும் பேட்டியும் சேர்ந்தே வருகின்றன. முகப்பேரிலிருந்து வருகிற எட்டாம் வகுப்புப் பெண் போன வாரம் மைன்கிராஃப்டில் வரும் 'ஸ்வீடன்' வேண்டும் என்றாள். டேனியல் ரோசன்ஃபெல்ட், சி418 என்ற பெயரில் எழுதும் ஜெர்மானியர், என்று அவளே சொல்லிவிட்டாள். நோட்ஸ் ரொம்பக் குறைவு, எல்லாமே நின்று ஒலிக்கவேண்டியவை. அவள் வீட்டு கீபோர்டுக்குப் பெடல் இல்லை. விரல் எடுத்தால் சத்தம் நின்றுவிடும், ஆகவே எந்த விரல் எவ்வளவு நேரம் கட்டையில் ஒட்டியிருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நோட்டுக்கும் டை போட்டு, விரல் எண் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது கையில் சுண்டுவிரலைப் பிடித்தபடியே கட்டைவிரல் ஓர் ஆக்டேவ் எட்டவேண்டிய இடம் ஒன்று வருகிறது. அவள் கை சின்னது. அந்த இடத்தில் எதை வெட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.